இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடும்போது எந்த எண்ணை நம்புவது?

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேறொரு நாட்டின் பெருநகரில் எனக்குப் பணிவாய்ப்பு வந்திருக்கிறது. வரி போகக் கைக்கு வரும் தொகையை இன்றைய செலாவணி விகிதத்தில் மாற்றிப் பார்த்தால், இப்போது நான் பெறும் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு வருகிறது. ஆனால் இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளங்களில் தேடினால், ஒன்று அந்நகரில் செலவு இரு மடங்கு என்கிறது, மற்றொன்று மூன்று மடங்கு என்கிறது. இரு மடங்கென்றால் போகலாம், மூன்று மடங்கென்றால் போவது நட்டம் என்றே நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருக்கிறோம். எங்களுக்குப் பள்ளி செல்லும் மகள் இருக்கிறாள். என் தாயார் எங்களுடன் வரப்போவதில்லை. அவருடைய செலவுக்கு மாதந்தோறும் பணம் அனுப்ப வேண்டியிருக்கும். இவ்விரு எண்களில் எதை நம்புவது, எப்படிச் சரிபார்ப்பது என்று விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வரவேடு எழுதியது:

முதலில் அந்த எண்களை யார், யாருக்காகத் தயாரித்தார்கள் என்று பார்த்துவிடுங்கள். மெர்சர் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியல், ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் பன்னாட்டு நிறுவனங்கள் அவர்களுக்கு எவ்வளவு படி கொடுப்பது என்று தீர்மானிப்பதற்காக உருவானது. எகனாமிஸ்ட் இன்டெலிஜென்ஸ் யூனிட் வெளியிடும் பட்டியலின் பயனும் ஏறக்குறைய அதுவே. இரண்டும் 200க்கும் மேற்பட்ட பொருள்களையும் சேவைகளையும் எடுத்துக்கொண்டு, நியூயார்க் நகரை அடிப்படையாக வைத்து மற்ற நகரங்களை அளக்கின்றன. 2009இல் தொடங்கப்பட்ட நம்பியோ தளம் வேறு வகையானது. அங்கே பெரும்பாலான விலைகளைத் தருபவர்கள் பொதுமக்கள். யார் வந்து எழுதுகிறார்களோ அவர்கள் பொருள் வாங்கும் இடங்களின் விலைதான் அந்த நகரத்தின் விலையாகப் பதிவாகிறது. இணையத்தில் ஆர்வத்தோடு விலை எழுதுபவர்கள் அந்நகர மக்களின் சராசரியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

உங்களுக்கு வந்த வேறுபாட்டுக்கு எளிய காரணம் ஒன்றும் இருக்கலாம். நம்பியோவின் முதன்மைக் குறியீட்டெண்ணில் வீட்டு வாடகை சேர்க்கப்படுவதில்லை. வாடகைக்கென்று தனிக் குறியீட்டெண்ணும், இரண்டையும் சேர்த்த மூன்றாவது எண்ணும் அங்கேயே இருக்கின்றன. நீங்கள் ஒரு தளத்தில் வாடகை சேராத எண்ணையும் மற்றொன்றில் வாடகை சேர்ந்த எண்ணையும் பார்த்திருந்தால், இரு மடங்குக்கும் மூன்று மடங்குக்கும் இடையிலுள்ள இடைவெளியில் பெரும்பகுதியை வாடகையே விளக்கிவிடும்.

சீர்தூக்கி எழுதியது:

மேலே சொன்னதோடு செலாவணி விகிதத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, யூரோவுக்கு எதிராகத் தன் நாணயத்தின் மதிப்பை ஒரு வரம்புக்குள் கட்டிவைத்திருந்த ஏற்பாட்டைத் திடீரென்று கைவிட்டது. ஃபிராங்கின் மதிப்பு ஒரே நாளில் தாவியது. வெளிநாட்டு நாணயத்தில் அளக்கும் பட்டியல்களின்படி சூரிச்சும் ஜெனீவாவும் செலவு மிகுந்த நகரங்களாக மேலும் உயர்ந்தன. ஆனால் ஃபிராங்கில் சம்பாதித்து ஃபிராங்கிலேயே செலவழிக்கும் ஒரு குடும்பத்துக்கு அன்று காலைக்கும் மாலைக்கும் இடையே வாடகையோ மின்கட்டணமோ ஏறிவிடவில்லை. அங்கோலாவின் லுவாண்டா நகரம் 2013 முதல் 2015 வரை மெர்சர் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. வெளிநாட்டு ஊழியர் எதிர்பார்க்கும் பாதுகாப்பான வீடும் இறக்குமதிப் பொருள்களும் அங்கே மிக விலை கூடியவையாக இருந்தன என்பதே அதற்குக் காரணம். அந்நகரின் பெரும்பான்மை மக்கள் உலகிலேயே செலவு மிகுந்த வாழ்க்கையை வாழ்ந்தார்கள் என்று அதற்குப் பொருள் கொண்டால் அது முற்றிலும் பிழையாகிவிடும்.

ஆகவே, அங்கே சம்பாதித்து அங்கேயே செலவிடும் பங்குக்கு இன்றைய செலாவணி விகிதம் பெரிதாக முக்கியமில்லை. உங்கள் தாயாருக்கு அனுப்பும் பங்குக்கும், ஊருக்குத் திரும்பிக் கொண்டுவரப்போகும் சேமிப்புக்கும் அது மிக முக்கியம்.

எண்ணளவு எழுதியது:

பொருளியல் படித்தவன் என்ற முறையில் ஓர் அடிப்படையை மட்டும் விளக்க விரும்புகிறேன், ஏனெனில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எந்தத் தளத்தின் எண்ணையும் சரியாகப் படிக்க முடியாது.

இரண்டே செலவுகள் கொண்ட ஒரு குடும்பத்தை எண்ணிக்கொள்ளுங்கள்: வீட்டின் பரப்பு, போக்குவரத்துப் பயணங்கள். முதல் நகரில் ஓரலகு பரப்புக்கு வாடகை 3, ஒரு பயணத்துக்கு 1. இரண்டாம் நகரில் வாடகை 6, பயணம் அரை. முதல் நகரத்தவர் 10 அலகு பரப்பில் வாழ்ந்து 10 பயணம் செய்கிறார். அவருடைய செலவு 40. அதே வாழ்க்கையை அப்படியே தூக்கிக்கொண்டு இரண்டாம் நகரத்துக்குப் போனால் செலவு 65. அதாவது 62.5 விழுக்காடு கூடுதல். இரண்டாம் நகரத்தவரோ வாடகை அதிகமென்பதால் 6 அலகு பரப்பில் ஒடுங்கி, பயணம் மலிவென்பதால் 24 பயணம் செய்து, 48 செலவழிக்கிறார். அவருடைய வாழ்க்கைக்கு முதல் நகரில் 42 ஆகும். அப்படிப் பார்த்தால் இரண்டாம் நகரம் சுமார் 14 விழுக்காடு மட்டுமே கூடுதல். இரு கணக்குகளிலும் விலைகள் ஒன்றே. மாறியது யாருடைய கூடையை, அதாவது யார் எதை எவ்வளவு வாங்குகிறார் என்ற பட்டியலை, எடுத்துக்கொண்டோம் என்பது மட்டுமே.

புறப்படும் இடத்தின் கூடையைக் கொண்டு கணக்கிடும் முறையை 1871இல் பொருளியலாளர் லாஸ்பியரும், சேரும் இடத்தின் கூடையைக் கொண்டு கணக்கிடுவதற்கு ஒப்பான முறையை 1874இல் பாஷேவும் முன்வைத்தார்கள். அவர்கள் ஒப்பிட்டது இரு காலங்களை, நாம் அதையே இரு இடங்களுக்குப் பயன்படுத்துகிறோம். இரண்டின் பெருக்குச் சராசரியை (இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் காண்பதை) எடுக்கலாம் என்ற வழியை 1922இல் இர்விங் ஃபிஷர் வலியுறுத்தினார். மேற்சொன்ன எடுத்துக்காட்டில் அது சுமார் 36 விழுக்காடு கூடுதல் என்று வரும். 1924இல் ரஷ்யப் பொருளியலாளர் கோனுஸ் எழுப்பிய கேள்விதான் நெடுவழி அவர்களுக்கு உண்மையில் தேவையானது: ஒரே கூடைக்கு என்ன விலை என்பதல்ல, ஒரே அளவு மனநிறைவோடு வாழ எவ்வளவு ஆகும் என்பது. இடம் மாறுகிறவர் புதிய விலைகளுக்கேற்பப் பழக்கங்களையும் மாற்றிக்கொள்வார். அதனால் பழைய கூடையின் கணக்கு பொதுவாகச் செலவை மிகைப்படுத்தியே காட்டும்.

நெடுவழி எழுதியது:

மூவருக்கும் நன்றி. வாடகை சேராத எண்ணைத்தான் ஒரு தளத்தில் பார்த்திருக்கிறேன் என்பது இப்போது தெரிகிறது. எண்ணளவு அவர்களின் விளக்கத்துக்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகம் எழுகிறது. எங்கள் கூடையில் மிகப் பெரிய பங்கு வீட்டுக்கும் பள்ளிக்கும்தான் போகிறது. பழக்கத்தை மாற்றிக்கொள்வது மற்றவற்றில் எளிது. இவ்விரண்டிலும் எப்படி மாற்றிக்கொள்வது?

தடம் எழுதியது:

வீட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நகரத்தின் சராசரி வாடகை என்ற எண்ணை ஒதுக்கிவைத்துவிடுங்கள். ஒரே நகரில் நெடுங்காலமாகக் குடியிருப்பவர் கொடுக்கும் வாடகைக்கும், இன்று புதிதாக வீடு தேடுபவரிடம் கேட்கப்படும் வாடகைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உள்ள நகரங்களில் அந்த இடைவெளி இன்னும் விரியும். அரசின் புள்ளிவிவரங்கள் பெரும்பாலும் எல்லாக் குடியிருப்பாளர்களும் கொடுக்கும் வாடகையைக் காட்டுபவை. அங்கேயே பிறந்து வளர்ந்த நண்பர் சொல்லும் தொகையும் அத்தகையதே. நீங்கள் புதிதாகப் போகிறவர் என்பதால் உங்களுக்குப் பொருந்துவது இன்றைய விளம்பரங்களில் உள்ள வாடகைதான். அதோடு முன்பணம், தரகு, வெறும் சுவர்களோடு தரப்படும் வீடா அறைகலன்களோடு தரப்படும் வீடா, வெப்பமூட்டும் செலவு வாடகைக்குள் அடங்குமா என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இதைவிட முக்கியமாக, வாடகையைத் தனியாகவும் போக்குவரத்தைத் தனியாகவும் ஒப்பிடாதீர்கள். பணியிடத்துக்கு அருகிலிருந்து விலகிச் செல்லச் செல்ல வாடகை குறைகிறது, பயணச் செலவும் பயண நேரமும் கூடுகின்றன. இரண்டும் சேர்ந்த தொகைதான் குடும்பம் உண்மையில் சுமப்பது. அமெரிக்காவில் வீட்டுச் செலவு வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற பழைய அளவுகோல் இருக்கிறது. அக்கம்பக்கத் தொழில்நுட்ப மையம் என்ற அந்நாட்டு ஆய்வமைப்பு அது போதாது என்று வாதிட்டு, வீடும் போக்குவரத்தும் சேர்ந்து 45 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவுகோலை முன்வைத்தது. அந்தக் கணக்கின்படி பார்த்தால், வாடகை குறைவென்று பெயர்பெற்ற புறநகர்கள் பல, கார் இல்லாமல் வாழ முடியாத காரணத்தால் மலிவானவை என்ற தகுதியை இழந்துவிடுகின்றன. உங்கள் நகரில் இப்போது கார் வைத்திருக்கிறீர்களா, அங்கே கார் இல்லாமல் வாழ முடியுமா என்ற ஒரே கேள்விக்கு விடை தெரிந்தால், பட்டியலில் உள்ள ஐம்பது சிறு விலைகளை ஒப்பிட வேண்டிய தேவையே இல்லாமல் போகலாம். பெரிய செலவுகளைத் துல்லியமாகவும் சிறியவற்றைத் தோராயமாகவும் மதிப்பிடுவதே முறை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கரையோரம் எழுதியது:

பள்ளியைப் பற்றி நான் சொல்கிறேன். விலைப் பட்டியல்கள் நாம் கொடுக்கும் விலையை மட்டுமே அளக்கின்றன. வரிப்பணத்திலிருந்து கல்வியும் மருத்துவமும் வழங்கப்படும் நகரில் வரி அதிகமாகவும், அவற்றின் விலை ஏறக்குறைய சுழியமாகவும் இருக்கும். நெடுவழி அவர்கள் வரி போகக் கிடைக்கும் தொகையை ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டார். அப்படியானால் அந்த வரி வாங்கித் தருவதையும் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்நகருக்கு அநீதி செய்தவர் ஆவார். இதற்கு எதிரான நிலையும் உண்டு. பொதுப் பள்ளி கட்டணமில்லாமல் இருந்தாலும், கற்பிக்கும் மொழி மகளுக்குத் தெரியாததாக இருந்தால், பன்னாட்டுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டியிருக்கும்; பல நகரங்களில் அதன் கட்டணம் வாடகைக்கு இணையாக வந்து நிற்கும். மகள் சிறு வகுப்பில் இருந்தால் புதிய மொழியை விரைவில் பழகிக்கொள்வாள், மேல்வகுப்பில் இருந்தால் அது கடினம். எனவே ஒரே நகரம், ஒரே சம்பளம், பிள்ளையின் வயது மட்டும் வேறு என்ற நிலையிலும் இரு குடும்பங்களின் செலவு வெகுவாக மாறுபடும். இந்த ஒன்றைத் தீர்க்காமல் எந்த மடங்கையும் பற்றிப் பேசுவதில் பயனில்லை என்பது என் உறுதியான கருத்து.

மற்றொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் மனைவி இப்போது வேலை பார்க்கிறாரா? அங்கே அவருக்கு வேலை செய்யும் அனுமதி கிடைக்குமா? ஒரு வருமானம் நின்றுபோவது எந்தச் செலவுக் குறியீட்டெண்ணிலும் தெரியாது.

சீர்தூக்கி எழுதியது:

கரையோரம் அவர்களின் கருத்து மிகச் சரியானது. வல்லுநர்கள் கூடி இதே கணக்கைப் போட்டபோதும் எவ்வளவு சிக்கல் எழுந்தது என்பதற்கு ஜெனீவாவை எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். ஐக்கிய நாடுகள் அமைப்பு தன் பன்னாட்டுப் பணியாளர்கள் எந்நகரில் இருந்தாலும் சம்பளத்தின் வாங்கும் திறன் சமமாக இருக்க வேண்டும் என்பதற்காக, நியூயார்க்கை அடிப்படையாகக் கொண்டு ஒவ்வொரு பணியிடத்துக்கும் ஈட்டுப்படி கணக்கிடுகிறது. 2016ஆம் ஆண்டு கணக்கெடுப்பை வைத்து ஜெனீவா ஊழியர்களின் படி குறைக்கப்பட்டபோது, அவர்கள் கணக்கிட்ட முறையையும் அதிகாரத்தையும் எதிர்த்து வழக்குத் தொடுத்தார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயம் 2019 ஜூலையில் தன் அதிகார வரம்புக்குட்பட்ட அமைப்புகளின் ஊழியர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஐக்கிய நாடுகள் அமைப்பின் சொந்தத் தீர்ப்பாயங்களோ குறைப்பை ஏற்றுக்கொண்டன. அதன் விளைவாக, ஒரே நகரில், ஒரே ஊதியக் கட்டமைப்புக்குள் பணிபுரிபவர்களுக்கு இரு வேறு ஈட்டுப்படிகள் வழங்கப்படும் நிலை உருவாயிற்று.

ஆண்டுக்கணக்கில் தரவு திரட்டும் நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், ஒரு தளம் இரு மடங்கு என்றும் இன்னொரு தளம் மூன்று மடங்கு என்றும் சொல்வதில் வியக்க ஒன்றுமில்லை.

வரவேடு எழுதியது:

நெடுவழி அவர்கள் முதல் பதிவில் சொன்ன ஒரு முடிவை யாரும் இன்னும் தொடவில்லை: செலவு மூன்று மடங்காகி, சம்பளம் இரண்டரை மடங்கே ஆனால் நட்டம் என்பது. அது சரியா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். இப்போது கைக்கு வருவதை 100 என்று வைத்துக்கொள்வோம். குடும்பச் செலவு 65, தாயாருக்கு 15, மிச்சம் 20 என்று எடுத்துக்கொள்வோம். அங்கே வருமானம் 250. குடும்பச் செலவு மூன்று மடங்காகி 195 ஆகிறது. தாயாருக்கு அனுப்பும் 15 அப்படியே இருக்கிறது, ஏனெனில் அவர் வாழும் ஊரின் விலைகள் மாறவில்லை. மிச்சம் 40. செலவின் மடங்கு சம்பளத்தின் மடங்கைவிடக் கூடியிருந்தும் சேமிப்பு இரட்டிப்பாகிறது! இரு மடங்கே செலவென்றால் மிச்சம் 105. செலவு ஏறக்குறைய 3.3 மடங்கைத் தொடும்போதுதான் சேமிப்பு பழைய 20க்கு இறங்குகிறது. ஆகவே நீங்கள் தேட வேண்டியது இரண்டா மூன்றா என்ற விடையை அன்று. உங்கள் செலவு 3.3 மடங்கைத் தாண்டுமா தாண்டாதா என்பதை மட்டும்தான். உங்கள் சொந்தத் தொகைகளை இட்டுப் பார்த்தால் அந்த எல்லை எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரு நிபந்தனையை மறக்கக்கூடாது. அந்த 40ஐ எந்த ஊரில் செலவழிக்கப்போகிறீர்கள் என்பதைப் பொறுத்ததே அதன் மதிப்பு. திரும்பி வந்து வீடு கட்டுவதற்கென்றால் அது 40தான். அந்நகரிலேயே வேரூன்றி, அங்கேயே வீடு வாங்குவதற்கென்றால், மூன்று மடங்கு விலையில் அதன் மதிப்பு இப்போதைய 13க்குச் சமம்; அதாவது நீங்கள் இப்போது சேமிக்கும் 20ஐவிடக் குறைவு. சிலகாலம் இருந்துவிட்டுத் திரும்புவதா, நிலையாகத் தங்குவதா என்பது குடும்ப விருப்பம் மட்டுமன்று, இந்தக் கணக்கின் நடுப்புள்ளியும் அதுதான்.

எண்ணளவு எழுதியது:

மிகத் தெளிவான கணக்கு. வாங்கும் திறன் சமநிலை விகிதத்தை, அதாவது ஒரே வகைப் பொருள்களுக்கு இரு நாடுகளில் ஆகும் விலைகளை ஒப்பிட்டுப் பெறும் மாற்று விகிதத்தை, கொண்டு சம்பளம் முழுவதையும் மாற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உலக வங்கி ஒருங்கிணைக்கும் பன்னாட்டு ஒப்பீட்டுத் திட்டம், 2021ஆம் ஆண்டுச் சுற்றில் 176 பொருளாதாரங்களுக்கு அந்த விகிதங்களைத் தந்தது. அவை நாடுகளின் சராசரிகளே தவிர நகரங்களின் விலைகள் அல்ல. தலைநகரும் சிற்றூரும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தவிர, அனுப்பும் பணத்துக்கு அந்த விகிதம் பொருந்தாது. வங்கி தரும் விகிதம்தான் பொருந்தும்.

எந்தப் பொருள்களின் விலை கூடும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பொருளியலாளர்கள் பலாசாவும் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியே விளக்கியது அது. எல்லை கடந்து விற்கக்கூடிய பொருள்களின் விலை, வரியும் போக்குவரத்தும் போக, நகருக்கு நகர் அதிகம் விலகுவதில்லை. முடிதிருத்துதல், வீட்டுவேலை, குழாய் பழுதுபார்த்தல், குழந்தை பராமரிப்பு போன்று ஆள் நேரில் வந்து செய்ய வேண்டிய சேவைகளின் விலை, அந்நகரின் ஊதிய மட்டத்தோடு சேர்ந்து ஏறுகிறது. ஆகவே ஊதியம் குறைந்த நகரிலிருந்து ஊதியம் மிகுந்த நகருக்குப் போகும் குடும்பம், கைப்பேசிக்கும் கணினிக்கும் அஞ்ச வேண்டியதில்லை. பிறர் உழைப்பை எவ்வளவு வாங்கி வாழ்கிறது என்பதைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேட்டுநிலம் எழுதியது:

நான் சற்று மாறுபடுகிறேன். இழை முழுவதும் செலவைத் தண்டனை போலவே பேசுகிறோம். ஒரு நகரில் வாடகை உயர்வாக இருப்பது, அங்கே வாழப் பலர் போட்டியிடுகிறார்கள் என்பதன் அடையாளம். நல்ல வேலைகள், தூய காற்று, இரவிலும் அச்சமின்றி நடக்கும் தெருக்கள் ஆகியவற்றின் விலை வாடகைக்குள் ஒளிந்திருக்கிறது என்ற கருத்தைப் பொருளியலாளர்கள் ரோசனும் (1979) ரோபேக்கும் (1982) முறைப்படுத்தினார்கள். மலிவான நகரம் என்பது எப்போதும் இலாபமான நகரம் அன்று. நெடுவழி அவர்களின் துறை அந்நகரில் செழித்திருக்கிறது என்றால், அங்கே பெறும் அனுபவம் திரும்பி வந்த பிறகும் சம்பளமாகப் பலன் தரும்.

கரையோரம் எழுதியது:

ஏற்கிறேன், ஆனால் அந்த நற்பயனை அனுபவிப்பவருக்குத்தான் அது பொருந்தும். நகரின் அருங்காட்சியகங்களுக்கும் இசையரங்குகளுக்கும் சேர்த்து வாடகை கொடுத்துவிட்டு, நேரமில்லாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன.

நெடுவழி எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. வரவேடு அவர்கள் சொன்னபடி எங்கள் தொகைகளை இட்டுப் பார்த்தோம். எங்களுக்கு எல்லை மூன்று மடங்குக்குச் சற்று மேலே விழுகிறது. மகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்தால் தாராளமாக உள்ளே நிற்கிறோம், பன்னாட்டுப் பள்ளி என்றால் எல்லையைத் தாண்டிவிடுகிறோம். இனி அந்நகரின் விலைகளை எப்படித் திரட்டுவது, நிறுவனத்திடம் எவற்றைக் கேட்பது என்பவை மட்டுமே மீதமிருக்கின்றன.

தடம் எழுதியது:

அங்கே இருப்பவர்களிடம் விலைகளைக் கேட்காதீர்கள், ஒரு மாதத்தின் மொத்தச் செலவைக் கேளுங்கள். உங்களைப் போலவே பள்ளிப் பிள்ளையுடன், அண்மையில் குடியேறிய குடும்பங்கள் இரண்டு மூன்று கிடைத்தால் போதும். அவர்கள் புதிய விலைகளுக்கேற்ப ஏற்கெனவே பழக்கங்களை மாற்றிக்கொண்டிருப்பார்கள். எண்ணளவு அவர்கள் சொன்ன கோனுஸின் கேள்விக்கு, நடைமுறையில் கிடைக்கக்கூடிய நெருங்கிய விடை அந்தத் தொகைதான். காப்பீடு, ஆண்டுக்கொருமுறை ஊருக்கு வந்து செல்லும் பயணம், குளிர்நாடென்றால் உடைகள் ஆகியவை மாதச் செலவில் தெரியாது என்பதால் அவற்றைத் தனியே கேட்டுப் பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள்.

நிறுவனத்திடம் பள்ளிக் கட்டணத்தைத்தான் முதலில் பேச வேண்டும், ஏனெனில் உங்கள் முடிவு அதில்தான் தொங்குகிறது. பொதுச் சம்பளத்தை உயர்த்த மறுக்கும் நிறுவனங்கள்கூடக் கல்விப் படியைத் தனித் தலைப்பில் தர இசைவதுண்டு. அந்தப் படிக்கு அந்நாட்டில் வரி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். அடுத்து, சம்பளம் எந்த நாணயத்தில் ஒப்பந்தம் செய்யப்படுகிறது, விலைவாசி உயர்ந்தால் எப்போது திருத்தப்படும், ஒப்பந்தம் இடையில் முறிந்தால் திரும்பி வரும் செலவும் வாடகை ஒப்பந்தத்தின் மீதிக் காலமும் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். பள்ளிச் சேர்க்கை பல நகரங்களில் குடியிருக்கும் பகுதியைப் பொறுத்தது. எனவே எந்தப் பொதுப் பள்ளி புதிதாக வரும் பிள்ளைகளுக்கு மொழி வகுப்பு நடத்துகிறது என்று முதலில் விசாரித்துவிட்டு, அதன் எல்லைக்குள் வாடகை விளம்பரங்களைப் பாருங்கள்.